பழைய லேத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: எதை உரிப்பது, எதை விட்டுவைப்பது

கோவையில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து ஆறடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். மேலே பச்சை பெயிண்ட், பாளம் பாளமாக உரிந்து நிற்கிறது. அதன் அடியில் சாம்பல் நிறம், அதற்கும் அடியில் பள்ளம் நிரப்பப் பூசிய கெட்டியான பட்டி. பெயிண்ட் ரிமூவர் போடுவதா, சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுப்பதா, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்ப்பதா, எது சீக்கிரம் முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: முன்பு வைத்திருந்தவர் அந்தப் பச்சையை அடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த முறை வேகமானது என்பதற்கு முன்னால், அந்தப் பெயிண்ட் ஏன் நிற்கவில்லை, நீங்கள் அடிப்பது நிற்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய மெஷின்களைப் பிரித்து ரீகண்டிஷன் செய்யும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. வார்ப்பு இரும்பு மெஷினில் பெயிண்ட் பாளமாக உரிந்தால், பத்துக்கு ஒன்பது இடத்தில் காரணம் எண்ணெய். முந்தியவர் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காமல் உப்புத்தாள் போட்டிருப்பார், அல்லது உப்புத்தாள்கூடப் போடாமல் துணியால் துடைத்துவிட்டு அடித்திருப்பார். உரிந்து நிற்கும் ஒரு பச்சைத் துண்டைப் பிய்த்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். வழவழவென்று, விரலில் லேசாகப் பிசுக்கு ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். உள்பக்கத்தில் சாம்பல் பெயிண்டின் பொடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கதை வேறு, அடியில் இருந்த பழைய பெயிண்டே செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். செந்நிறத் துரு ஒட்டி வந்தால் ஈரம் அடிவரை இறங்கியிருக்கிறது. இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு ஆழம் உரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை உரிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லேத்தின் ஹெட்ஸ்டாக் (சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பெட்டி), கால்கள், பெட் என்கிற நீண்ட அடிப்பாகத்தின் பக்கவாட்டுகள் எல்லாம் மணல் வார்ப்பில் வந்தவை. மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். தொழிற்சாலையில் முதலில் பிரைமர் அடித்து, அதன் மேல் பட்டி பூசித் தேய்த்து வழுவழுப்பாக்கி, அப்புறம்தான் நிறம் அடித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கிற அந்த நேர்த்தியான வளைவுகளில் பாதி பட்டியால் வந்தவை. அதை முழுதாக எடுத்துவிட்டால் அடியில் பள்ளமும் மேடுமான வார்ப்பு வெளியே வரும். மறுபடி பட்டி பூச வேண்டும், காய வேண்டும், தேய்க்க வேண்டும், திரும்பவும் பூச வேண்டும். பெயிண்ட் அடிக்க ஆகிற நேரத்தைப் போலப் பல மடங்கு அதில் போய்விடும். அந்தப் பழைய பட்டி இன்றைக்கும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல அடித்தளம் உங்களால் எளிதில் உண்டாக்க முடியாது. அதை விட்டுவையுங்கள்.

பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயிண்ட் தொழிலில் குறுக்கு நெடுக்காகக் கோடு போட்டு டேப் ஒட்டி இழுக்கிற சோதனை ஒன்று உண்டு, ஐஎஸ்ஓ 2409 என்பார்கள். ஆனால் அது 250 மைக்ரானுக்குள், அதாவது கால் மில்லிமீட்டருக்குள் இருக்கிற பூச்சுக்குத்தான். பட்டியும் நாலைந்து அடுக்குப் பெயிண்டும் சேர்ந்த உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. அதனால் பிளேடால் இரும்பு தொடும்வரை பெருக்கல் குறி போல இரண்டு கோடு கீறுங்கள். கோடுகள் சந்திக்கிற இடத்தில் நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கோட்டின் ஓரம் அப்படியே நின்றால் அந்த இடம் சரி. ஓரங்கள் செதில் செதிலாக வந்தால் அங்கே எடுத்தே ஆக வேண்டும். இதை ஒரு இடத்தில் செய்து முடிவு கட்டக் கூடாது. எண்ணெய் தெறிக்கிற இடம், ஆபரேட்டர் கை படுகிற இடம், தண்ணீர் நிற்கிற அடிப்பகுதி, யாரும் தொடாத பின்பக்கம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பின்பக்கம் பிழைத்திருக்கும். இரும்புச் சீவல் விழும் சிப் டிரேயும் கால்களின் அடியும் போயிருக்கும்.

கூடவே இன்னொரு சின்னச் சோதனை. பஞ்சில் என்சி தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கான தின்னர்) நனைத்துப் பெயிண்டின் மேல் ஐந்து நிமிஷம் வையுங்கள். கரைந்து பஞ்சில் நிறம் ஏறினால் அது லேக்கர் வகை. சுருங்கிக் கொப்பளித்தால் சாதா சிந்தெட்டிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் இரண்டு பாகம் கலந்து அடிக்கிற எபாக்சியோ பியூ என்கிற பாலியூரித்தேனோ. எனாமலுக்கு எந்த ரிமூவரும் வேலை செய்யும். எபாக்சிக்குக் கடையில் கிடைக்கிற பல ரிமூவர்கள் தோற்றுப்போகும், சுரண்டத்தான் வேண்டும்.

இப்போது எண்ணெய் விஷயம். இதில் அவசரப்படாதீர்கள். எதை வைத்தும் தேய்ப்பதற்கு முன்னால் எண்ணெயை எடுக்க வேண்டும். எண்ணெய் மேலே இருக்கும்போது உப்புத்தாள் போட்டால், தாள் கீறுகிற ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெயைத் தள்ளிவிடுகிறீர்கள். கெட்டியான கரியையும் கிரீசையும் முதலில் சுரண்டி எடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது, அவையும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுத்தான் போகும். அதன் மேல் சோப்புத் தன்மையுள்ள டீகிரீசரைப் போட்டு வெந்நீரில் துடைத்து, கடைசியாகச் சுத்தமான தின்னரில் ஒருமுறை. வெள்ளைப் பனியன் வேஸ்டால் துடைத்துப் பாருங்கள், துணி வெள்ளையாகவே வர வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் மெஷின் முழுக்கத் துடைத்தால் ஒரு மூலையின் எண்ணெயை மறு மூலைக்குப் பூசுகிறோம், அவ்வளவுதான்.

இவ்வளவு செய்தும் வார்ப்பு இரும்பு ஏமாற்றும். பழகிய தோசைக்கல்லில் எண்ணெய் ஊறியிருப்பது மாதிரி, அதன் நுண்துளைகளிலும் கிராஃபைட் இடுக்குகளிலும் பல வருஷத்து எண்ணெய் இருக்கும். பெயிண்ட் போன இடத்தில் ஹீட் கன்னை லேசாகக் காட்டிப் பாருங்கள். காய்ந்த சாம்பல் நிற இரும்பு மெல்ல கறுக்கும், ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாக வியர்த்து வரும். துடைத்துவிட்டு மறுபடி சூடு காட்டினால் மறுபடி வரும். புள்ளிகள் நிற்கும்வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். போல்ட் துளைகளைச் சுற்றியும், எண்ணெய்த் தொட்டிக்கு அடுத்த சுவரிலும் இது அதிகம். இந்த இடங்களில் அவசரப்பட்டு பிரைமர் அடித்தால் சில மாதத்திலேயே கொப்பளம் வரும். உங்களுக்கு முந்தியவருக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம். சூடு காட்டுவதென்றால் ஹீட் கன்தான், கேஸ் டார்ச் வேண்டாம். டார்ச் ஓரிடத்தில் சூட்டைக் குவிக்கும், தடிமன் மாறுகிற இடத்தில் வார்ப்பு வெடிக்கக்கூடும். தின்னரில் துடைத்தது முழுக்கக் காய்ந்த பிறகே ஹீட் கன்னை எடுங்கள்.

அடுத்தது ஈயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் வைத்து வேலை செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பழைய மெஷின் பெயிண்டுகளில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களுக்கு லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் நிறைய பயன்பட்டது. குரோம் பச்சை என்பதே லெட் குரோமேட் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் கலந்ததுதான். அடிக்கோட்டாக, அதாவது முதல் பூச்சாக, ரெட் லெட் என்ற சிவப்பு ஈயப் பெயிண்ட் அடிக்கும் வழக்கமும் இருந்தது. 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. ஆனால் அந்த விதி தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கானது அல்ல. ஆகவே உங்கள் மெஷினின் மேல்கோட்டு புதியது என்பதால் ஈயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. போட்டோவைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. நிறம் மாறும் சோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன, ஆனால் அடிக்கோட்டில் இருப்பதை அவை தவறவிடும். எல்லா அடுக்கும் சேர்ந்த ஒரு சின்னத் துண்டைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. அது முடியாதென்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அப்படி வைத்துக்கொண்டால் உங்கள் மூன்று வழிகளில் ஒன்று உடனே அடிபட்டுப் போகிறது. நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வாக்கில் ஓடும். அதில் வயர் பிரஷ் மாட்டினால் பெயிண்ட் மாவாகப் பறக்கும், அதை மூச்சில் இழுப்பீர்கள், உடையில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோவீர்கள். ஈயம் இல்லாவிட்டாலும் எனக்கு இந்த முறை பிடிக்காது. வேகச் சூட்டில் பெயிண்ட் இளகிப் பக்கத்தில் இழுகும், இரும்பைக் கீறுவதற்குப் பதில் மினுமினுப்பாக மெழுகிவிடும், அந்த மினுமினுப்பில் பிரைமர் சரியாகப் பிடிக்காது. கம்பிகள் வேறு தெறிக்கும், கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை முழுக்க மூடுகிற ஷீல்டு வேண்டும். ஹீட் கன்னில் பெயிண்டை இளக்கிச் சுரண்டுவதும் ஈயம் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்பேன், குறைந்த சூட்டில் ஓரளவு பாதுகாப்பு என்றாலும் பட்டறை ஹீட் கன்கள் சுலபமாக 600 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டில் ஈயப் புகை வரும். எண்ணெயை வெளியேற்ற மேலே சொன்ன சூடு காட்டுவது பெயிண்ட் முழுக்கப் போன வெற்று இரும்புக்கு மட்டும்.

சாண்ட் பிளாஸ்டிங் வேகமானது, சுத்தமானது, கட்டமைப்பு வேலைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் லேத்தை முழுதாக அங்கே அனுப்பாதீர்கள். டேப் ஒட்டி, துணி சுற்றி, கிரீஸ் அடைத்து அனுப்பினாலும் மணல் நுழைந்துவிடும். பெட்டின் மேல் கருவி நகரும் வழித்தடத்திலும், அதை நகர்த்தும் லீட் ஸ்குரூவிலும், ஹெட்ஸ்டாக் பேரிங்கிலும் போய் உட்கார்ந்த மணல் பிறகு ஓட ஓட அறுத்துக்கொண்டே இருக்கும். பெயிண்டுக்காக மெஷினின் துல்லியத்தை இழப்பீர்கள். முற்றிலும் கழற்றிய கால்கள், கவர்கள், மோட்டார் தட்டு போன்றவற்றை மட்டும் கொடுக்கலாம். அதிலும் மெல்லிய தகடு நெளியும், பட்டி முழுவதும் போய்விடும் என்பதை மனதில் வையுங்கள். இன்னொன்று, ஆற்று மணலோ கடல் மணலோ வைத்து அடிக்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டாம். அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா அங்கே வேலை செய்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும், சிலிகோசிஸ் வந்தால் குணமாவது இல்லை. காப்பர் ஸ்லாக், ஸ்டீல் கிரிட், கார்னெட் என்று மாற்று இருக்கிறது. அதை வைத்துச் செய்கிறவரைத் தேடுங்கள்.

பெயிண்ட் ரிமூவர் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று போட்டிருந்தால் அது வேகமாக வேலை செய்யும், ஆபத்தும் அதே அளவு. 40 டிகிரியில் கொதிக்கிற திரவம், கோடைப் பகலில் மூடியைத் திறக்கும்போதே சீறும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், பள்ளத்திலும் மூடிய ஷெட்டிலும் நிறையும். உடலுக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் இதை வைத்து வேலை செய்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் பெயிண்ட் உரிக்க இதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019இல் தடை செய்தார்கள், ஐரோப்பாவில் அதற்கு முன்பே. சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இதை நெடுநேரம் பிடித்து வைக்காது, நீல நைட்ரைல் கையுறையைச் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, சின்னச் சின்னப் பகுதியாகப் போட முடியுமென்றால் மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்தில் வெல்டிங், கேஸ் அடுப்பு, ஹீட் கன் எதுவும் கூடாது, அந்த ஆவி சூட்டில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். ஷெட்டுக்குள் என்றால் மெத்திலீன் குளோரைடு இல்லாத மெதுவான ரிமூவரை வாங்குங்கள். அரை நாள் ஊற வைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

எந்த ரிமூவர் ஆனாலும் பிரஷ்ஷால் கனமாக, ஒரே திசையில் பூசுங்கள், திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தினால் காயாமல் வேலை செய்யும். பெயிண்ட் சுருங்கி எழுந்ததும் ஸ்கிராப்பரால் தள்ளுங்கள். ஈரமாக வருவதால் தூசி பறக்காது, ஈயத்துக்கும் இதுதான் நல்லது. பட்டி வரை வந்ததும் நிறுத்திவிடுங்கள். பட்டியில் ரிமூவர் ஊறினால் அதுவும் இளகி வெளியே வர ஆரம்பிக்கும். பல ரிமூவர்களில் ஆவியாகாமல் இருக்க மெழுகு சேர்த்திருப்பார்கள். அது படலமாக மேலே நிற்கும், தின்னரில் துடைத்து எடுக்காவிட்டால் புது பெயிண்ட் அதன் மேல்தான் உட்காரும். மோட்டாரின் பக்கம் ரிமூவர் போகவே கூடாது, காயிலின் வார்னிஷைக் கரைத்துவிடும்.

கழற்றிய இரும்புத் துண்டுகளுக்குக் காஸ்டிக் சோடா மலிவான நல்ல வழி. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி போதும், பார்வை போகலாம். எனாமல் ஓரிரவில் சோப்பு மாதிரி வழிந்துவிடும், எபாக்சி அசையாது. அலுமினியம், துத்தநாக வார்ப்பு எதையும் அதில் போடாதீர்கள். நுரைத்து ஹைட்ரஜன் வரும், துண்டு கரைந்தே போகும். பழைய லேத்தின் கைப்பிடிகள், கியர் சார்ட் தகடு, பெயர்ப்பலகை இவற்றில் பலவும் அலுமினியமோ பித்தளையோதான், காந்தம் வைத்துப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டோடு இருக்கும் பெரிய வார்ப்பில் காஸ்டிக் பூச வேண்டாம். துளைகளில் தங்கிய காரம் பிறகு புது பெயிண்டை அடியிலிருந்து தின்னும். துண்டுகளைக்கூட நன்றாக அலசி, வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி அலசிக் காய வைக்க வேண்டும்.

ஆக, உங்கள் லேத்துக்கு நான் செய்வது இப்படி இருக்கும். மோட்டார், கவர்கள், பெயர்ப்பலகை, அளவு பொறித்த டயல்கள் எல்லாம் கழற்றிவிடுவேன். பெயர்ப்பலகையை அடித்துப் பிடுங்காதீர்கள், அதன் சிறு ஆணிகளைப் பின்னாலிருந்து தட்டியோ மெல்ல நெம்பியோ எடுக்கலாம், வளைந்தால் திரும்பக் கிடைக்காது. வழித்தடங்களுக்குக் கிரீஸ் தடவி அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவேன், எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றையும் அடைப்பேன். எண்ணெய் எடுப்பேன். பச்சை முழுவதையும் கார்பைடு ஸ்கிராப்பரால் கையால் சுரண்டி எடுப்பேன். எண்ணெய் மேல் அடித்த பெயிண்ட் என்பதால் பெரும்பகுதி தகடாகவே வரும், ரிமூவர் மூலைகளுக்கு மட்டும் தேவைப்படும். சாம்பலும் பட்டியும் நிற்கிற இடத்தில் அவற்றைத் தொட மாட்டேன். 120ஆம் நம்பர் தண்ணீர்த்தாளை நனைத்து மொத்தத்தையும் மந்தமாக்குவேன். நின்ற பெயிண்டும் வெற்று இரும்பும் சந்திக்கிற ஓரத்தை, சாம்பல், பட்டி, அடிக்கோட்டு எல்லாம் வளையம் வளையமாகத் தெரிகிறவரை சாய்வாகத் தேய்ப்பேன். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. ஹெட்ஸ்டாக்கின் உள்ளே எண்ணெய்க்குள் இருக்கும் சிவப்புப் பெயிண்டை, அது உரியாதவரை, எதுவும் செய்யாதீர்கள். வார்ப்பு மணல் உதிராமல் பிடித்து வைக்க அடித்தது அது.

துரு இருந்த இடத்தில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போடலாம், ஆனால் டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவியே ஆக வேண்டும். வெற்று வார்ப்பு இரும்பு ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும், ஆகவே காய வைத்த அன்றே பிரைமர். மழை நாளில் வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பிரைமர் விஷயத்தில் எனக்கு உறுதி குறைவான ஒரு இடம் உண்டு. இரண்டு பாக எபாக்சி பிரைமர் எண்ணெய்க்கும் கூலன்ட்டுக்கும் (கடையும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) ரெட் ஆக்சைடைவிட நன்றாக நிற்கும், அதில் ஐயம் இல்லை. ஆனால் அதில் இருக்கிற தின்னர் கடுமையானது. உங்கள் பழைய சாம்பல் எனாமல் அதைத் தாங்குமா, சுருங்குமா என்பது அந்தச் சாம்பலைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுருங்கவில்லை என்றால் முழுக்க எபாக்சி. சுருங்கினால் நல்ல ரெட் ஆக்சைடு பிரைமரும் சிந்தெட்டிக் எனாமலும் போதும், பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். இரண்டு பாகப் பாலியஸ்டர் பட்டியை ரெட் ஆக்சைடு மேல் போடாதீர்கள், அடியைத் தூக்கிவிடும். பள்ளம் அடைக்க வேண்டியிருந்தால் வெற்று இரும்பின் மேலோ முழுதாக இறுகிய எபாக்சி மேலோ பூசுங்கள். இரண்டு பாக பியூ பெயிண்டை ஸ்பிரே செய்ய ஆசைப்பட்டால், அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட்டுக்குக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி வேண்டும். அது இல்லாமல் வீட்டு ஷெட்டில் வேண்டவே வேண்டாம்.

சுரண்டின குப்பையை அன்றன்றைக்கே ஈரத் துணியால் துடைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், பெருக்காதீர்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள், கொளுத்தாதீர்கள். நுண்தூசியை வடிக்கும் பி100 பில்டர் போட்ட அரைமுக மாஸ்க் போடுங்கள், வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள். குழந்தைகளை வேலை முடியும்வரை அந்தப் பக்கம் விட வேண்டாம். பெயிண்ட் தொட்டுப் பார்த்துக் காய்ந்ததும் மெஷினை ஓட்டத் தோன்றும். எனாமல் உள்ளே இறுக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதற்கு முன் எண்ணெயோ கூலன்ட்டோ பட்டால் மெத்தென்று ஆகிவிடும். அதுவரை வழித்தடங்களுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, வழிந்தால் உடனே துடைத்து வையுங்கள்.